கடல், மீன், கரை: லோஃபோட்டன் தீவுகளில் மீனவர் மரபு சுற்றுலாப் பொருளான வரலாறு

நார்வே நாட்டின் வடபகுதியில், ஆர்க்டிக் வட்டத்திற்கும் வடக்கே, கடலிலிருந்து செங்குத்தாக எழும் மலைகளைக் கொண்ட தீவுக்கூட்டம் லோஃபோட்டன். இன்று அங்குச் செல்லும் பயணியர் பலரும் தங்க விரும்புவது பெரிய விடுதிகளில் அன்று. நீரின்மேல் மரக்கால்களில் நிற்கும் சிறிய சிவப்பு வீடுகளில்தான். அவ்வீட்டின் பெயர் ரோர்பு. துடுப்பு வலித்தலைக் குறிக்கும் சொல்லும் உறைவிடத்தைக் குறிக்கும் சொல்லும் சேர்ந்து உருவான பெயர் அது. மீன்பிடிக்கத் துடுப்பு வலித்து வந்தவர்கள் தங்கிய குடில் என்பது பொருள். ஒரு காலத்தில் பத்துப் பன்னிரண்டு மீனவர்கள் ஈர உடையோடும் தூண்டில் கயிறுகளோடும் நெருங்கிப் படுத்துறங்கிய அந்த அறையில், இன்று இரண்டு பேர் வெந்நீர்க் குளியலறை வசதியோடு தங்குகின்றனர். கண்ணாடிச் சாளரத்தின் வழியே பார்ப்பது அதே கடல்தான்.

மரபான கடற்கரைப் பண்பாட்டைக் கொண்டு வட பகுதிகளில் சுற்றுலாவை வளர்ப்பது பற்றிய உரையாடல்களில் லோஃபோட்டன் ஒரு வெற்றிக் கதையாகவே எடுத்துக்காட்டப்படுகிறது. அது பெரும்பாலும் உண்மையே. ஆயினும் அந்த ரோர்பு யாருக்காகக் கட்டப்பட்டது, யாருக்குச் சொந்தமாக இருந்தது, எப்போது, ஏன் காலியாயிற்று, இன்று யார் கையில் இருக்கிறது என்னும் நான்கு வினாக்களையும் வரிசையாகக் கேட்டால், வெற்றிக் கதைக்குள் வேறொரு வரலாறும் இருப்பது தெரியவரும். அது கடலும் மீனும் கரையும் யாருக்கு உரியவை என்பதைப் பற்றிய நீண்ட வழக்கின் வரலாறு.

இப்பண்பாட்டின் அடிப்படை ஒரு மீனின் வலசை. பேரன்ட்ஸ் கடலில் வளரும் காட் மீன், முட்டையிடும் பருவத்தில் தெற்கு நோக்கி நீந்தி, ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான மாதங்களில் லோஃபோட்டனுக்கும் நார்வே நிலப்பரப்புக்கும் இடைப்பட்ட வெஸ்ட்ஃபியோர் கடற்பகுதிக்கு வந்து சேர்கிறது. இவ்வாறு வலசை வரும் மீனை அங்குள்ளோர் ஸ்க்ரேய் என்பர். அட்லாண்டிக் கடலின் வெப்ப நீரோட்டம் கரையைத் தழுவிச் செல்வதால், அத்துணை வடக்கே இருந்தும் அத்தீவுகளின் குளிர்காலம் கடுமையாக உறைவதில்லை. வெப்பநிலை உறைநிலையை ஒட்டியே ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். மீன் அழுகவும் செய்யாது. உறைந்து சிதையவும் செய்யாது. தலை நீக்கிய மீன்களை வாலோடு வால் இணைத்து இரண்டிரண்டாகக் கட்டி, உயர்ந்த மரச்சட்டங்களில் தொங்கவிட்டால், வசந்த காலம் முடிவதற்குள் காற்றே அவற்றை உலர்த்திவிடுகிறது. உப்பு ஒரு சிட்டிகையும் சேர்ப்பதில்லை. தமிழ்க் கடற்கரை அறிந்த கருவாட்டுக்கு உப்பும் வெயிலும் வேண்டும். இவ்வடபுலக் கருவாட்டுக்குக் குளிரும் காற்றும் போதும். நீர்ச்சத்தின் பெரும்பகுதியை இழந்து மரக்கட்டை போல் இறுகும் இம்மீன் ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருக்கும். குளிர்பதனம் இல்லாத உலகில் தொலைதூர வணிகத்துக்கு இதைவிடப் பொருத்தமான உணவுப்பண்டம் அரிது.

எனவே இத்தீவுகள் ஒதுக்குப்புறமாக இருந்தனவேயன்றித் தனித்திருக்கவில்லை. ஏறத்தாழ 1120ஆம் ஆண்டளவில் நார்வே அரசர் ஓய்ஸ்டைன் மாக்னுசன், வோகன் என்னும் இடத்தில் தேவாலயமும் மீனவர்க்கான குடில்களும் கட்டுவித்ததாக வரலாற்று மரபு கூறுகிறது. ரோர்புவின் முதல் குறிப்பாக இதனையே கொள்வர். குடிலைக் கட்டியவர் மீனவர் அல்லர், அரசர் என்பதும், மீனவர் கூடினால்தான் வரி திரளும் என்பதும் இங்கு நினைக்கத்தக்கவை. பின்னர் அக்கருவாடு பெர்கன் நகரத்தின் வழியே ஐரோப்பாவெங்கும் சென்றது. பதினான்காம் நூற்றாண்டில் ஜெர்மானிய ஹன்சா வணிகர்கள் பெர்கனில் நிலைகொண்டு அவ்வணிகத்தைத் தம் பிடிக்குள் கொண்டுவந்தனர். வடக்கிலிருந்து கருவாடு போயிற்று. தெற்கிலிருந்து தானியம் வந்தது. இடையில் கடன் கணக்கு வளர்ந்தது.

இவ்வணிகத்தின் மற்றொரு முனையைக் காட்டும் நிகழ்வு 1432இல் நடந்தது. மது ஏற்றிக்கொண்டு ஃபிளாண்டர்ஸ் நோக்கிப் புறப்பட்ட வெனிஸ் நகரத்து வணிகர் பியேத்ரோ குவெரினியின் கப்பல் புயலில் சிக்கிச் சிதைந்தது. 68 பேரில் 11 பேரே உயிர் பிழைத்து, லோஃபோட்டனின் தென்கோடியிலுள்ள ரோஸ்ட் தீவுப் பகுதியில் கரையொதுங்கினர். தீவு மக்கள் அவர்களைத் தம் வீடுகளில் வைத்து வசந்த காலம் வரை காத்தனர். குவெரினி எழுதிவைத்த பயண விவரம் அம்மக்களின் வாழ்க்கை குறித்துக் கிடைக்கும் மிகப் பழைய வெளியார் பதிவுகளுள் ஒன்று. இன்றும் லோஃபோட்டன் கருவாட்டின் முதன்மைச் சந்தை இத்தாலியே. வற்றவைத்த மீன்தலைகள் நைஜீரியாவுக்குச் செல்கின்றன. ரோஸ்ட் தீவின் சுற்றுலா குவெரினியின் கதையை விரும்பிச் சொல்கிறது. விருந்தோம்பலின் கதை என்பதால் அது பயணியர்க்கு எளிதில் உவப்பாகிறது.

உவப்பாகாத கதைகளும் உள. குளிர்கால மீன்பிடிப்புக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் லோஃபோட்டன் தீவினர் அல்லர். வடநார்வேயின் நெடுங்கரை முழுவதிலிருந்தும், கூரைகூட இல்லாத மரப்படகுகளில், பாயை விரித்தும் துடுப்பு வலித்தும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கடந்து வந்தவர்கள். ஊரில் அவர்களுக்குச் சிறு நிலமும் சில கால்நடைகளும் இருந்தன. ஆண்கள் கடலுக்குச் சென்ற மாதங்களில் அந்நிலத்தையும் தொழுவத்தையும் குழந்தைகளையும் முதியோரையும் காத்தவர்கள் பெண்கள். மீனும் வேளாண்மையும் இணைந்த அந்தக் குடும்பப் பொருளாதாரம் பெண்ணின் உழைப்பின்றி ஒரு பருவம்கூட நடந்திராது. கடல் கொண்டுபோனவர்களின் கணக்கும் பெரிது. 1849 பிப்ரவரியில் வீசிய ஒரே புயலில் நூற்றுக்கணக்கான மீனவர்கள் மாண்டனர். 1895ஆம் ஆண்டுப் பருவத்தில் லோஃபோட்டனில் கூடிய மீனவர் 30,000க்கும் மேற்பட்டோர். இன்று அத்தீவுகளில் நிலையாக வாழ்வோரின் மொத்தத் தொகையே ஏறத்தாழ 25,000 என்பதை எண்ணினால் அக்கூட்டத்தின் அளவு விளங்கும்.

இத்தனை பேர்க்கும் கரையில் ஓர் இடம் வேண்டும். அந்த இடம் குப்பத்து முதலாளிக்குச் சொந்தம். குப்பத்தின் நிலம், படகுத்துறை, உலர்த்தும் சட்டங்கள், ரோர்புகள், கடை ஆகிய அனைத்தும் ஒரே கையில் இருந்தன. பிடித்த மீனை வாங்குபவரும் அவரே. மாவும் கயிறும் தூண்டிலும் கடனுக்குக் கொடுப்பவரும் அவரே. குடிலில் தங்கியவர் தம் மீனை அவரிடமே கொடுக்கவேண்டும். விலையும் அவர் சொன்னதே. கடனுக்குக் கட்டுப்பட்டுக் குறிப்பிட்ட ஒருவரிடமே மீனைக் கொடுக்கும் முறை இந்தியக் கடற்கரைகளுக்கும் புதிதன்று என்பதால், இதன் பொருள் இங்குள்ள வாசகர்க்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. ரோர்பு என்பது வெறும் தங்குமிடம் அன்று. மீனவரை முதலாளியோடு பிணைத்த கணக்கேட்டின் ஒரு பக்கம் அது.

1816இல் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று இப்பிணைப்பைக் கடலுக்குள்ளும் நீட்டியது. கரையோரக் கடல் பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டது. எந்தப் பகுதியில் யார் மீன்பிடிக்கலாம் என்பதில் அந்தந்தக் கரைக்கு உரியவர்களின் அதிகாரம் ஓங்கியது. நாற்பதாண்டுகளுக்குப் பின், 1857ஆம் ஆண்டின் லோஃபோட்டன் சட்டம் அதனை மாற்றியது. கடல் அனைவர்க்கும் பொது என்பது நிலைநிறுத்தப்பட்டது. மேற்பார்வைப் பொறுப்பு முதலாளிகளிடமிருந்து அரசுக்கு மாறி, 1859 முதல் அரசு மேற்பார்வை அமைப்பு செயல்படத் தொடங்கியது. எவ்வளவு தொழிலாளர், எவ்வளவு மீன், எந்தக் கருவி என்னும் கணக்குகளும் முறையாகப் பதிவாயின. நார்வே மீன்வள வரலாற்றில் இது பெரிய திருப்பம். எனினும் இச்சட்டம் விடுவித்தது கடலை மட்டுமே. கரையும் குடிலும் கடையும் பழைய கையிலேயே இருந்தன. கட்டுப்பாடின்றி மீன்பிடித்தவர், கரையேறியதும் அதே முதலாளியின் தராசுக்கே திரும்பவேண்டியிருந்தது.

பொதுக்கடல் என்னும் கோட்பாடு 1890இல் சோதிக்கப்பட்டது. டிரோல்ஃபியோர் என்னும் குறுகிய கடற்கழிக்குள் மீன் பெருந்திரளாகப் புகுந்தபோது, நீராவிக் கப்பல்களில் வந்தவர்கள் அதன் வாயிலை வலையிட்டு அடைத்து, உள்ளே மீன்பிடிக்கக் கட்டணம் கேட்டனர். துடுப்புப் படகினர் அதனை ஏற்காமல் உள்ளே புகுந்தனர், கைகலப்பு நேர்ந்தது. அடுத்த சில ஆண்டுகளில் லோஃபோட்டனில் அவ்வகை வலைக்குத் தடை வந்தது. அருகிலுள்ள ஸ்வோல்வேரில் பிறந்த ஓவியர் குன்னர் பெர்க் அம்மோதலை ஓவியமாக்கினார். யோஹான் போயரின் 1921ஆம் ஆண்டு நாவலான ‘கடைசி வைக்கிங்’கிலும் அது இடம்பெற்றது. இன்று டிரோல்ஃபியோர் லோஃபோட்டனில் பயணப் படகுகள் மிகுதியாகச் செல்லும் இடங்களுள் ஒன்று. பாறைச்சுவர்களின் அழகைக் காணப் பயணியர் கட்டணம் செலுத்தி அக்கழிக்குள் செல்கின்றனர். அதே நீரில் கட்டணம் கொடுக்க மறுத்து ஒரு போராட்டம் நடந்தது என்பது அவ்விடத்தின் வரலாற்றில் மறக்கத்தகாத செய்தி.

இரண்டாவது விடுதலை மீனுக்கு வந்தது. 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் மீன்விலை சரிந்து கரையோரக் குடும்பங்கள் நலிந்தன. மீனவர் சங்கங்களின் நெடிய முயற்சிக்குப் பின் 1938இல் பச்சைமீன் சட்டம் நிறைவேறியது. படகிலிருந்து இறங்கும் மீனின் முதல் விற்பனை மீனவர்களுக்கே சொந்தமான விற்பனை அமைப்பின் வழியாகத்தான் நடக்கவேண்டும் என்று அச்சட்டம் வகுத்தது. மீனவர் அமைப்பு நிர்ணயிக்கும் குறைந்தபட்ச விலைக்குக் கீழே எவரும் வாங்க இயலாது. வடநார்வேயில் அப்பொறுப்பை ஏற்ற ரோஃபிஸ்க்லாக் என்னும் அமைப்பு அவ்வாண்டே தோன்றியது. 2013இல் அச்சட்டத்தின் இடத்தில் புதிய சட்டம் வந்தபோதும் அடிப்படைக் கொள்கை மாறவில்லை. தராசு முதலாளியின் கையிலிருந்து இறங்கியது. குப்பத்து முதலாளியின் ஆட்சி சரியத் தொடங்கியதற்கு இதுவே தலையாய காரணங்களுள் ஒன்று. மீன்பிடிப்பில் ஈடுபடுவோரே மீன்பிடிக் கலங்களை உடைமையாகக் கொள்ளவேண்டும் என்னும் நெறியும் நார்வே சட்டத்தில் இடம்பெற்றது.

கடல் 1857இல் பொதுவாயிற்று. மீன் 1938இல் மீனவரின் பேச்சுக்குக் கட்டுப்பட்டது. கரைக்கு அத்தகைய சட்டம் எதுவும் வரவில்லை. அப்போது அதன் தேவையும் உணரப்படவில்லை. ஏனெனில் கரையின் மதிப்பே அக்காலத்தில் குறைந்துகொண்டிருந்தது.

ரோர்பு காலியானது இந்தக் கட்டத்தில்தான். இயந்திரப் படகுகள் பெருகின. படகிலேயே உறங்கவும் சமைக்கவும் அறை அமைந்தபின் கரைக்குடிலின் தேவை குறைந்தது. விரைவுப் படகில் வந்தவர் பிடித்ததும் ஊர் திரும்ப முடிந்தது. அதே அளவு மீனைப் பிடிக்க வேண்டிய ஆட்களின் தொகையும் சுருங்கியது. 1960களில் வெறுமையாக நின்ற குடில்களைக் கோடை விடுமுறைக்கு வாடகைக்கு விடும் பழக்கம் பரவத் தொடங்கியது. அதற்கு முன்பும் பயணியர் வந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஓவியர்கள் லோஃபோட்டன் மலைகளையும் படகுகளையும் வரைந்தனர். 1893இல் தொடங்கிய ஹர்ட்டிகுரூட்டன் கடலோரக் கப்பல் சேவை வடகரையைத் தெற்கோடு இணைத்தது. ஆனால் மீனவரின் படுக்கையிலேயே பயணியைப் படுக்கவைத்தது 1960களுக்குப் பிந்திய புதுமை.

1975ஆம் ஆண்டு ஐரோப்பியக் கட்டடக்கலை மரபாண்டாகக் கொண்டாடப்பட்டபோது, நார்வேயின் மூன்று முன்மாதிரிப் பாதுகாப்புத் திட்டங்களுள் ஒன்றாக லோஃபோட்டனின் நூஸ்ஃபியோர் குப்பம் தேர்ந்தெடுக்கப்பட்டது. அழியவிருந்த மரவீடுகள் மரபுச்செல்வம் என்னும் பெயர் பெற்றன. ஓ என்னும் ஒற்றையெழுத்துப் பெயர்கொண்ட சிற்றூரில் குப்ப வாழ்க்கைக்கும் கருவாட்டுக்கும் அருங்காட்சியகங்கள் அமைந்தன. போர்க் என்னுமிடத்தில் 1980களின் அகழாய்வில் வெளிப்பட்ட 83 மீட்டர் நீளமுள்ள வைக்கிங் காலத் தலைவர் மாளிகையை ஒட்டி 1995இல் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. 2007இல் தீவுகள் நிலப்பரப்போடு சாலை வழியாக இணைந்தன. படகுக்குக் காத்திராமல் காரிலேயே தீவுகளின் மேற்கு முனை வரை செல்ல வழி பிறந்தது.

சுற்றுலா அளித்த நன்மைகளை மறுப்பது நேர்மையாகாது. அது இல்லாவிடில் ரோர்புகள் பலவும் கடற்காற்றில் இற்று விழுந்திருக்கும். பழைய படகுகளைக் கட்டும் கைவினைக்கு மதிப்புக் கூடியது. பலகைகளை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி ஆணியடித்துக் கட்டும் அந்த நார்டிக் படகு மரபு 2021இல் யுனெஸ்கோவின் பட்டியலில் இடம்பெற்றது. லோஃபோட்டன் கருவாடு 2007இல் நார்வேயிலும் 2014இல் ஐரோப்பிய ஒன்றியத்திலும் புவிசார் குறியீடு பெற்றது. ஊரின் பெயர் பயணியின் நினைவில் பதிவதும் அவ்வூர்ப் பொருளின் பெயர் கடையில் நிலைப்பதும் ஒன்றையொன்று வளர்க்கின்றன. வெஸ்ட்ஃபியோருக்கு வடக்கேயுள்ள கடலில் எண்ணெய் எடுப்பதற்கு எதிரான நெடிய விவாதத்தில் மீன்பிடித்தொழிலும் சுற்றுலாத்தொழிலும் ஒரே பக்கத்தில் நின்றன. அக்கடல் இன்றளவும் எண்ணெய்த்தொழிலுக்குத் திறக்கப்படவில்லை.

இழப்பு வேறிடத்தில் நிகழ்ந்தது. முதலாவது, நினைவில். காபெல்வோக்கை அடுத்த லோஃபோட்டன் அருங்காட்சியகத்தின் முதன்மைக் கட்டடம் 1815இல் எழுந்த குப்பத்து முதலாளியின் மாளிகை. மாளிகையும் குடிலும் அருகருகே நிற்பதால் அங்கு உறவு விளங்குகிறது. மாளிகையை விட்டுக் குடிலை மட்டும் பிரித்து விடுதியாக்கும்போது உறவு மறைந்து, எளிமையின் அழகு மட்டும் எஞ்சுகிறது. ரோர்புவின் சிவப்பு நிறம், கிடைத்தவற்றுள் மலிவான காவிமண் சாயத்தை மீனெண்ணெயில் குழைத்துப் பூசியதால் வந்தது என்பர். வறுமையின் நிறம் இன்று விளம்பரத்தின் நிறம். பெண்ணின் உழைப்பு ரோர்புவுக்கு வெளியே, தொலைவிலுள்ள சிறு பண்ணையில் நடந்தது. எனவே ரோர்புவை மையமாக்கிய மரபுச் சுற்றுலாவில் அவளுக்கு இடம் வாய்ப்பது அரிது. வடகரையின் கடல்சார் சாமி மக்களின் நிலையும் அவ்வாறே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து நூறாண்டுக்கு மேலாக அவர்தம் மொழியையும் அடையாளத்தையும் அழித்த நார்வேமயக் கொள்கையை ஆராய்ந்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் தன் அறிக்கையை நாடாளுமன்றத்திடம் அளித்தது 2023இல்தான். கடற்கரைப் பண்பாடு என்று ஒருமையில் சொல்லும்போது யாருடைய கடற்கரை என்னும் கேள்வி அமுங்கிப்போகிறது.

இரண்டாவது, கரையில். இன்று கரைக்கு மதிப்பு மிகுந்துவிட்டது. ரோர்புகளும் சில இடங்களில் முழுக் குப்பங்களும் சுற்றுலா நிறுவனங்களின் உடைமையாகியுள்ளன. நூஸ்ஃபியோரைப் பார்க்கவரும் பயணி பருவகாலத்தில் நுழைவுக்கட்டணம் செலுத்தவேண்டும். ஒரே உடைமையாளரின் கையில் நிலமும் குடிலும் கடையும் துறையும் இருக்கும் பழைய அமைப்பு, புதிய உருவில் மீண்டிருப்பதை வரலாற்று மாணவர் எளிதில் காண்பர். வேறுபாடு ஒன்றுண்டு. பழைய முதலாளிக்கு மீனவர் தேவைப்பட்டார். புதிய உடைமைக்கு மீனவரின் சாயல் இருந்தாலே போதும்.

மலைப்பாதைகளும் சுமை தாங்காமல் தேய்ந்தன. ரெய்னேபிரிங்கன் மலைச்சரிவு காலடிகளால் அரிக்கப்பட்டபோது, நேபாளத்திலிருந்து வந்த ஷெர்பா கைவினைஞர்கள் 1,500க்கும் மேற்பட்ட கற்படிகளை அமைத்தனர். இமயமலையின் கல்வேலை அறிவு ஆர்க்டிக் கரையின் சுற்றுலாவைத் தாங்கவேண்டிய நிலை. 2025இல் நார்வே நாடாளுமன்றம் சுற்றுலா நெருக்கடி மிகுந்த உள்ளாட்சிகள் தங்கும் கட்டணத்தின்மீது 3 விழுக்காடு வரை பயணியர் பங்களிப்பு தண்ட இசைவளித்தது. பாதைகளும் கழிவறைகளும் கட்ட அது உதவும். ஆனால் 1938ஆம் ஆண்டுச் சட்டத்தோடு ஒப்பிட்டால் அதன் எல்லை தெரியும். அச்சட்டம் மீனவருக்கு விலையில் பங்கு கொடுத்ததோடு நிற்கவில்லை. விலையைச் சொல்லும் அதிகாரத்தையே கொடுத்தது. பயணியர் பங்களிப்பு செலவை ஈடுசெய்கிறது. கரையில் என்ன கட்டுவது, எந்தத் துறையைப் படகுகளுக்கு விட்டுவைப்பது, எந்த வீடு ஊரார்க்கு என்னும் முடிவுகளை அது தொடுவதில்லை.

இம்முடிவுகள் அவசரமானவை என்பதற்குக் கடலே சான்று. 1989இல் காட் மீன்வளம் சரிந்து மீன்பிடிப்பு இடையில் நிறுத்தப்பட்டது. அடுத்த ஆண்டில் படகுவாரி ஒதுக்கீட்டு முறை வந்தது. பின்னர் மீன்வளம் மீண்டது. அண்மையில் மீண்டும் குறைந்து, 2025ஆம் ஆண்டுக்கான பேரன்ட்ஸ் கடல் ஒதுக்கீடு 3,40,000 டன்னாகச் சுருங்கியது. 1991க்குப் பின் அதுவரையிலான மிகக் குறைந்த அளவு அது. மீன் குறைந்த ஆண்டுகளில் சிறுபடகினர் தாக்குப்பிடிக்கத் துறையும் உலர்த்துமிடமும் பனிக்கட்டியும் அருகில் ஒரு வீடும் வேண்டும். அவ்வாண்டுகளில் கரை விற்கப்பட்டுவிட்டால், மீன் திரும்பிவரும் ஆண்டில் மீனவர் திரும்பிவர இடமிராது. லோஃபோட்டன் இன்னும் உயிரோடு இருக்கும் குப்பங்களைக் கொண்டது என்பதே அதன் தனிச்சிறப்பு. பனிக்காலத்தில் சட்டங்களில் புதுமீன் தொங்குகிறது. அதன் வாடை விடுதிச் சாளரம் வரை வருகிறது. பள்ளிவிட்ட சிறுவர் சிறுமியர் மீன் இறங்கும் கூடத்தில் காட் மீனின் நாக்கை வெட்டி விற்று, தம் கைச்செலவுக்கு மேலாகவே சம்பாதிக்கின்றனர். பயணியர் தேடிவருவது இந்த உயிர்ப்பைத்தான். அது நின்றுபோனால் எஞ்சுவது சிவப்புச் சாயம் பூசிய பலகைகளே.

இந்தியக் கடற்கரை ஆய்வாளர்க்கு இவ்வரலாறு தொலைவானதன்று. 1952இல் கையெழுத்தான உடன்படிக்கையின்படி, அடுத்த ஆண்டு கொல்லத்தை அடுத்த நீண்டகரை, சக்திகுளங்கரைப் பகுதியில் இந்திய-நார்வே மீன்வளத் திட்டம் தொடங்கியது. 1960களில் கொச்சி, கண்ணனூர், கார்வார், மண்டபம் முதலிய இடங்களுக்கும் அது விரிந்து, 1972இல் நிறைவுற்றது. இயந்திரப் படகும் பனிக்கட்டி ஆலையும் படகு கட்டும் தளமும் வந்தன. மீனவர் கூட்டுறவால் விற்பனையை நடத்தும் முயற்சி வேரூன்றவில்லை. இறால் ஏற்றுமதியின் பெருவளர்ச்சியில் இழுவைப்படகுகள் பெருகி, மரபு மீனவரோடு மோதல் முற்றி, 1988இல் கேரளத்தில் பருவமழைக்கால இழுவைத் தடை வந்தது. டிரோல்ஃபியோரில் துடுப்பும் நீராவியும் மோதிய வழக்கு, ஏறத்தாழ நூறாண்டுக்குப் பின் கொல்லத்துக் கடலில் வேறு கருவிகளோடு நடந்தது. நார்வேயின் கடற்கரையைக் காத்தவை இயந்திரங்கள் மட்டும் அல்ல; 1857, 1938 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களும் அவற்றைப் பெற்றுத்தந்த மீனவர் அமைப்புகளுமே என்பது அத்திட்டத்தின் வரலாறு கற்பிக்கும் பாடம். கப்பலில் ஏற்றி அனுப்பமுடிந்தது இயந்திரத்தை மட்டுமே.

இன்று இயந்திரத்தின் இடத்தில் மரபுச் சுற்றுலா வளர்ச்சித் திட்டமாக முன்வைக்கப்படுகிறது. 1991ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை காத்துவந்த வரம்புகளைத் தளர்த்தி, 2019 ஜனவரியில் வெளியான புதிய அறிவிக்கை, மக்கள் அடர்த்தி மிகுந்த ஊரகக் கடற்கரைகளில் 200 மீட்டராக இருந்த கட்டுமானமற்ற பகுதியை 50 மீட்டராகக் குறைத்தது. வலை உலர்த்தும் மணலுக்கும் படகு ஏற்றும் இடத்துக்கும் பட்டா இல்லாத குப்பங்கள் இந்தியக் கடற்கரையில் பல. அத்தகைய இடத்தில் மீனவர் பண்பாட்டைக் காட்சிப்படுத்தும் திட்டம் எது வந்தாலும், அதனிடம் முதலில் கேட்கவேண்டியவை நடனமும் உணவும் பற்றிய கேள்விகள் அல்ல. அந்த மணல் யார் பெயரில் இருக்கிறது, பருவம் பொய்த்த ஆண்டில் அதை விற்கும் உரிமை யாருக்கு உண்டு, விடுதி வந்தபின் படகு எங்கே ஏறும் என்பவையே அக்கேள்விகள்.

லோஃபோட்டன் மீனவர்கள் கடலைப் பொதுவாக்க ஒரு தலைமுறை உழைத்தனர்; மீனுக்கு விலைசொல்லும் உரிமை பெற மேலும் இரண்டு மூன்று தலைமுறைகள் உழைத்தனர். கரையைப் பற்றிய சட்டம் இன்னும் எழுதப்படவில்லை. அது எழுதப்படும்வரை, ஒவ்வொரு பிப்ரவரியிலும் சட்டங்களில் மீன் ஏறுகிறதா என்பதே அங்குள்ள மரபு பிழைத்திருக்கிறதா என்பதற்கான அளவுகோல்.